கட்டில் நிரம்பாத வியாழக்கிழமைகள்: அறங்காவலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அறங்காவலர் குழுவில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

போன வியாழக்கிழமை காலை என் அம்மாவை ஏற்காடு பஸ்ஸிலிருந்து கைப்பிடித்து இறக்கி உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தேன். டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘வரும் மாதம் 1-ஆம் தேதி முதல் வலி சிகிச்சைப் பிரிவு இயங்காது. நோயாளிகள் எலும்பு மருத்துவப் பிரிவை அணுகவும்.’ அவ்வளவுதான். ஏன் என்று இல்லை, பாதி சிகிச்சையில் நிற்பவர்கள் எங்கே போவது என்று இல்லை, கீழே ஒரு கையெழுத்துகூட இல்லை. நாகலூரில் இருட்டோடு எழுந்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த 71 வயது மனுஷிக்கு அந்தத் தாளை நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “அப்ப என்னோட இன்னொரு முட்டி?” என்றார். வலது முட்டிக்கு வைத்தியம் ஆகிவிட்டது, இடது முட்டிக்கு இந்த மாதம் என்று உங்கள் டாக்டர்தான் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

மேனேஜரைப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்லமாட்டேன். “அந்தப் பிரிவுக்கு ஒரு கட்டில்கூட நிரம்பறதில்லைங்க, காலைல வர்றாங்க, சாயங்காலம் போயிடறாங்க, கணக்கு கட்டுபடியாகலை” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காலையில் தூக்கிவந்த ஆளைச் சாயங்காலம் நடத்தி அனுப்புவதுதானே அந்தப் பிரிவின் வேலை? வேலையை ஒழுங்காகச் செய்ததற்கா மூடுகிறீர்கள்?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் 19 வயதில் உட்கார்ந்தவள், இப்போது வயது 47. கண்ணி கோர்த்து, பொடி வைத்து, ஊதிப் பற்றவைக்கிற வேலை. தரையில் சம்மணம் போட்டு, கழுத்தையும் முதுகையும் வில்லாக வளைத்து, நாளைக்கு ஒன்பது பத்து மணி நேரம், தீபாவளிக்கும் தைக்கும் முன்னால் ஆர்டர் குவிந்தால் பன்னிரண்டு. எங்கள் தெருவில் முதுகுவலி இருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் சேலம் கொலுசு என்று சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், போட்டுக்கொள்ளட்டும், அது கோர்த்த இடுப்பு என்ன ஆனது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

வலி வந்தால் எங்களுக்கு முதல் டாக்டர் மருந்துக் கடைப் பையன்தான். ‘இடுப்புக்கு ஒரு செட்’ என்றால் காகிதப் பொட்டலத்தில் மூன்று மாத்திரை மடித்துக் கொடுப்பான், அதில் ஒன்று கட்டாயம் டைக்ளோஃபெனாக். ஆறு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். ஒருநாள் ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, இந்த மருந்துதான் கழுகையெல்லாம் கொன்னுச்சு” என்றாள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இனத்தையே கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது, அதனால் 2006-ல் அதைக் கால்நடைக்குக் கொடுப்பதை நம் நாட்டில் தடை செய்தார்கள் என்று பாடத்தில் படித்ததைச் சொன்னாள். கழுகு வேறு மனுஷி வேறு, எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி பொட்டலத்தைப் பிரிக்கப் போன கை நின்றுவிட்டது. வலி மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்கினால் மனிதருக்கும் சிறுநீரகமும் வயிறும் கெடும் என்று எந்த டாக்டரும் சொல்வார், ஆனால் கடை ஜன்னலில் அதைச் சொல்ல ஆள் இல்லை. பிறகு ரத்தம் சோதித்தபோது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எனக்கு இருக்க வேண்டியதைவிட ஏறி 1.4 இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊரே கிளம்பிக்கொண்டிருந்த வாரம், குடத்தைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இடுப்பில் ஆரம்பித்துத் தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் ஓரமாக ஓடி, பெருவிரல் வரைக்கும் கரண்ட் இழுத்த மாதிரி ஒரு வலி. இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், அது வேறு வலி. தும்மினால் உயிர் போகும். ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் போட்டு நீவினோம், கட்டுப் போட்டோம், ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கேனில் நாலாவது ஐந்தாவது இடுப்பு எலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று வந்தது. வேறொரு இடத்தில் ஆபரேஷன், ஒன்றரை லட்சம், நாளைக்கே சேர்ந்துவிடுங்கள் என்றார்கள். தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்துப் பட்டறை அக்கா ஒருவர், வியாழக்கிழமைதோறும் வலிக்கென்றே பார்க்கும் உங்கள் டாக்டரைப் பற்றிச் சொன்னார்.

அந்த டாக்டரம்மா எடுத்த எடுப்பில் ஊசியை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். ஒன்றுக்குப் போவதில் தடை இருக்கிறதா, உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறதா, குதிகாலை ஊன்றி நடக்க முடியாமல் போகிறதா என்று நடக்கவைத்துப் பார்த்தார். இதில் எது ஒன்று இருந்திருந்தாலும் அன்றைக்கே அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருப்பேன், உங்களுக்கு இல்லை, அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு தறிக்காரத் தம்பிக்குப் பாதம் தூக்க வரவில்லை, அவரை அந்த நிமிஷமே ஆபரேஷன் டாக்டரிடம் ஆள் கூட்டி அனுப்பினார். கத்தியே கூடாது என்கிற ஆள் அவர் இல்லை, யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்.

இரண்டு வாரம் பொறுத்தும் குறையாதபோது ஊசி போட்டார். குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்து, மேலே சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மிஷினை நிறுத்தி, முதலில் தோலை மரக்கவைத்து, பிறகு நீளமான மெல்லிய ஊசியை எக்ஸ்ரே திரையில் பார்த்துப் பார்த்து, நரம்பு எலும்பிலிருந்து வெளியே வரும் ஓட்டை வரைக்கும் கொண்டுபோனார். ஒரு சாய மருந்து விட்டு அது நரம்பு ஓரமாகக் கோடு போல ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் விட்டார். மொத்தம் இருபது நிமிடம். இரண்டு மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள், ஆட்டோவில் உட்கார்ந்தே வீட்டுக்கு வந்தேன். உங்கள் கவுண்டரில் கட்டியது 9,500 ரூபாய். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நாலைந்து நாள் ஏறும், தினமும் பாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார், ஏறியது, பிறகு இறங்கியது.

பத்துக்கு ஒன்பது என்றிருந்த வலி ஒரு வாரத்தில் நாலுக்கு வந்தது. பூஜ்யத்துக்கு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. “இது ஜவ்வை உள்ளே தள்ளாது, வீக்கத்தைக் குறைச்சு உங்களுக்குக் கொஞ்ச நாள் வாங்கிக் கொடுக்கும், அந்த நாளை வீணாக்காதீங்க” என்றார். அந்த நாலைந்து மாதத்தில்தான் உங்கள் இயன்முறை அறையில் பயிற்சி கற்றுக்கொண்டேன், வலி ஒன்பதில் இருந்தபோது அதில் ஒன்றைக்கூடச் செய்திருக்க முடியாது. பட்டறை முதலாளியிடம் சண்டை போட்டு ஒரு பழைய மேசை வாங்கி, தரையை விட்டு மேலே உட்கார்ந்து வேலை செய்யப் பழகிக்கொண்டேன். இப்போது மாத்திரைப் பொட்டலம் இல்லை. இதெல்லாம் ஊசியால்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், இந்த மாதிரிக் கால்வலி பாதிப்பேருக்கு மேல் நாள்போக்கில் தானாகவே தணியும் என்று அந்த டாக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நாள் போகும் வரை வேலைக்குப் போகாமல் இருக்க எனக்கு வசதி இல்லை.

அம்மா கதை வேறு. நாற்பது வருஷம் காபித் தோட்டத்தில் சரிவில் ஏறி இறங்கிப் பழம் பறித்து, மூட்டை சுமந்த கால். இரண்டு முட்டியும் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்ன எலும்பு டாக்டர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்கு அதற்கு முந்தின வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, இப்போது பெரிய ஆபரேஷன் வேண்டாம், வலி மாத்திரையும் வேண்டாம் என்று இதய டாக்டர் நிறுத்திவிட்டார். ஆபரேஷனும் கூடாது, மாத்திரையும் கூடாது என்றால் நடுவில் இருப்பவர் என்ன செய்வார்? வாசலில் உட்கார்ந்திருப்பார். அம்மா ஒன்றரை வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் வலி சிகிச்சைப் பிரிவில் முதலில் முட்டியைச் சுற்றி மூன்று இடத்தில் சொட்டு மரப்பு மருந்து மட்டும் விட்டு, “போய் மாடிப்படி ஏறிட்டு வாங்க” என்றார்கள். இதயக்காரி என்பதால் பக்கத்திலேயே ஒரு நர்ஸம்மா. அம்மா ஒரு மாடி ஏறி இறங்கி வந்து, “இதை முன்னமே பண்ணித் தொலைச்சிருக்கலாமில்ல” என்று என்னைத்தான் திட்டினார். அந்தச் சோதனையில் வலி குறைந்தால்தான் அடுத்த கட்டம், குறையாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுவதால் இதய டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, அடுத்த முறை அதே மூன்று நரம்பு ஓரத்திலும் ஊசி வைத்து, அதன் நுனியை ரேடியோ அலையால் 80 டிகிரி வரை சூடாக்கி, இடத்துக்கு ஒன்றரை நிமிடம் சுட்டார்கள். முட்டிக்கு இப்படிச் செய்து பார்த்துத் தென் கொரிய மருத்துவர்கள் 2011-ல் எழுதிய பிறகுதான் இது பரவியதாம். “தேய்ஞ்ச மூட்டு தேய்ஞ்ச மூட்டுதான் பாட்டி, அது வலிக்குதுன்னு மூளைக்குச் சேதி சொல்ற கம்பியைத்தான் சுட்டிருக்கோம், அது ஆறு மாசத்துலயோ ஒரு வருஷத்துலயோ திரும்ப வளரும், அப்பப் பார்க்கலாம்” என்றார் டாக்டர். ஒளிவுமறைவில்லாத பேச்சு. முதல் பத்து நாள் ரணமாக இருந்தது. பிறகு மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஜீப்பில் ஏறிப் போய், அந்தக் குகை வாசலில் குனிந்து நுழைந்து சாமி பார்த்துவிட்டு வந்தார் அம்மா. போன மாதம் வரைக்கும் வலது கால் பேச்சே இல்லை, இடது காலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் பலித்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். எங்கள் பட்டறையில் மெருகு போடும் அண்ணன் ஒருவருக்குக் கழுத்தில் இரண்டு முறை போட்டும் பலனில்லை, பணம் போனதுதான் மிச்சம் என்று இன்றைக்கும் சொல்கிறார். மூன்றாவது கேட்டபோது டாக்டர் மறுத்துவிட்டார். என் நாத்தனாருக்கு முதலிலேயே ஊசி வேண்டாம், நடங்கள், எடையைக் குறையுங்கள் என்று அனுப்பினார், அவருக்கு அதில் இன்னும் கோபம். போட்டால் வருமானம் என்று தெரிந்தும் போடாத டாக்டரை இந்த ஊரில் நான் அடிக்கடி பார்த்ததில்லை.

மேனேஜர் இன்னொன்றும் சொன்னார். இந்த ஊசிகளுக்குப் பலன் இல்லை என்று வெளிநாட்டிலேயே சொல்லிவிட்டார்களாம். மகளை உட்காரவைத்துத் தேடிப் படித்தோம். உண்மைதான், 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு வழிகாட்டுதல் வந்திருக்கிறது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகெலும்பு வலிக்கு இந்த ஊசிகளையும் சூடு வைப்பதையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. அதை மறைத்து உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது முதுகெலும்பு வலியைப் பற்றியது, புற்றுநோய் வலியையும் முட்டியையும் அது பேசவில்லை. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் சொன்னது வேறு மாதிரி: வெறும் இடுப்புவலிக்கு ஊசி வேண்டாம், திடீரென்று வந்த கடுமையான கால்நரம்பு வலிக்கு யோசிக்கலாம், சோதனை ஊசியில் குறைந்தவர்களுக்குச் சூடு வைக்க யோசிக்கலாம் என்கிறது. டாக்டர்களுக்குள்ளேயே இதில் சண்டை இருக்கிறது. சரி, இருக்கட்டும். அப்படியென்றால் யாருக்கு வேண்டும் யாருக்கு வேண்டாம் என்று உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஆள் இன்னும் அதிகமாகத்தானே தேவை? அவரை அனுப்பிவிட்டு, முப்பது நோயாளி வரிசையில் நிற்கும் எலும்புப் பிரிவில் ஆளுக்கு மூன்று நிமிடத்தில் அதே ஊசியை, சி-ஆர்ம் இல்லாமல் கைத்தடவலில் போடப்போகிறீர்கள் என்றால் அந்த வழிகாட்டுதலை நீங்கள் எந்தப் பக்கமிருந்து படித்தீர்கள்?

எலும்பு டாக்டர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வலி எலும்பில் மட்டும் இல்லை. முகத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி நரம்பு வலி வந்தவர்களையும், அக்கி வந்துபோன பிறகும் எரிச்சல் தாங்காதவர்களையும், கணையப் புற்றுநோயில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பவர்களையும் அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். இவர்களை எந்த எலும்பு டாக்டரிடம் அனுப்புவீர்கள்? இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்த ஜான் பொனிகா என்ற அமெரிக்க மயக்க மருத்துவர்தான், வலிக்கு ஒரு துறை டாக்டர் போதாது, பல துறைக்காரர்கள் சேர்ந்து உட்கார வேண்டும் என்று முதலில் பிடிவாதமாகச் சொன்னவராம், அவரே மல்யுத்தம் செய்து உடம்பெல்லாம் வலியோடு வாழ்ந்தவர். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனி இடமே இருக்கிறது. வியாதியின் அடையாளமாக மட்டும் இருந்தது இப்போது தானே ஒரு வியாதியாகப் பெயர் வாங்கியிருக்கிறது. அரசாங்கம் 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று இயன்முறைப் பயிற்சியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது, நீங்கள் மலை இறங்கித் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறீர்கள்.

கட்டில் கணக்குக்கே வருகிறேன். நீங்கள் லாபத்துக்கு நடத்தும் கம்பெனி இல்லை, அறக்கட்டளை, வாசல் கல்வெட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. கட்டிலை மட்டும் எண்ணினால் என் மாதிரி ஆள் உங்கள் கணக்கில் வரவே மாட்டாள். நான் அந்த ஆபரேஷனுக்குப் படுத்திருந்தால் வந்திருப்பேன், சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்கு வந்திருந்தால் வாரத்துக்கு இரண்டு முறை வந்திருப்பேன்.

எங்கள் கோரிக்கைகள் இவை. அந்தத் தாளை எடுங்கள். வாரம் ஒரு நாள் முடியவே முடியாது என்றால் பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது, சி-ஆர்ம் வசதியோடும் அந்தப் பயிற்சி பெற்ற டாக்டரோடும் நடத்துங்கள், மாதத்தில் எந்தெந்த நாள் என்பதை முன்கூட்டியே எழுதிப்போடுங்கள். நஷ்டம் என்றால் எவ்வளவு என்று சொல்லுங்கள். கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினாலும் கட்டத் தயாராக இருப்பவர்கள் எங்களில் உண்டு, முடியாதவர்களுக்குச் சலுகை வையுங்கள். எந்த ஊசிக்கு எவ்வளவு என்பதைப் பலகையில் எழுதுங்கள். பலன் இருக்கிறதா என்ற சந்தேகம் உங்களுக்கு நிஜமாகவே இருந்தால், ஊசி போட்ட ஒவ்வொருவரையும் மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் போனில் கூப்பிட்டு நடக்கிறாயா, தூங்குகிறாயா, வேலைக்குப் போகிறாயா என்று கேட்டு எழுதிவையுங்கள், ஒரு வருஷம் கழித்து அந்த நோட்டைப் பார்த்து முடிவெடுங்கள், நாங்கள் எதிர்த்துப் பேசமாட்டோம்.

அதுவரை, சோதனை ஊசி போட்டு அடுத்த கட்டத்துக்குத் தேதி வாங்கியவர்களையும், என் அம்மாவைப் போல ஒரு முட்டி முடிந்து ஒரு முட்டி நிற்பவர்களையும், 1-ஆம் தேதிக்கு முன்பே கூப்பிட்டு முடித்துக் கொடுங்கள். முடியாவிட்டால் அவரவர் ஸ்கேன், எந்த இடத்தில் என்ன மருந்து எவ்வளவு என்ற குறிப்பு எல்லாவற்றையும் கேட்காமலே கையில் கொடுங்கள், வேறு எங்காவது போய் முதலிலிருந்து ஆரம்பிக்க எங்களால் ஆகாது. மலையிலிருந்து வருபவர்களுக்குக் கடைசிப் பஸ் போவதற்குள் முடிகிற மாதிரி டோக்கனைக் காலையில் ஒதுக்குங்கள், இது பழைய கோரிக்கை, வியாழக்கிழமை இருந்த காலத்திலேயே கேட்டது.

உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் எங்களில் மூன்று பேருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். நான் வருகிறேன், அந்த மெருகு போடும் அண்ணனையும் கூட்டிவருகிறேன், பலிக்காதவர் சொல்வதையும் நீங்கள் கேட்க வேண்டும். மூன்றாவது ஆள் அம்மா. கூட்டம் மாடியில் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், லிஃப்ட் இருக்கிறதா என்றும்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருத்தி,
சேலம்